சுடுதண்ணீர்ப் போத்தலில் பால் வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

சென்ற ஞாயிறு தங்கள் பத்திரிகையின் வீட்டுத்தோட்டப் பக்கத்தில், தாயில்லாத ஆட்டுக்குட்டிகளுக்குப் பால் பருக்கி வளர்ப்பது பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. எழுதியவர் ஆடு வளர்த்தவர் என்பது வாசிக்கும்போதே தெரிந்தது. சூப்பியின் துளை பெரிதானால் குட்டிக்குப் புரையேறும் என்று எழுதியிருந்தார். கைப்பட்டவருக்குத்தான் அது தெரியும். ஆனால் முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வரி. இரவில் எழும்பி அடுப்பு மூட்டும் கரைச்சலுக்கு, மாலையிலேயே பாலைக் காய்ச்சி ஆற்றி, சுடுதண்ணீர்ப் போத்தலில், அதாவது சூடு காக்கிற தேமஸில், ஊற்றி வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அப்படிச் செய்தால் குட்டி சாகும். நான் அப்படித்தான் ஒன்றைச் சாகக் கொடுத்தேன்.

நான் யாழ்ப்பாணத்து நீர்வேலியில் இருக்கிறேன். குடும்பநல உத்தியோகத்தராக முப்பத்தொரு வருடம் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலும் வீடுவீடாகத் திரிந்து ஓய்வுபெற்றவள். இப்போது வாழைத்தோட்டக் கரையில் நான்கு மறியாடு. கிடாய் வைத்திருப்பதில்லை, அதன் மணத்துக்குப் பக்கத்து வீட்டார் சம்மதியார்.

2022ஆம் ஆண்டு பங்குனி மாதம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் இல்லை. எரிவாயு சிலிண்டருக்கு வரிசை. அந்த நேரம் பார்த்து என் மூத்த மறி இரண்டு குட்டி போட்டது. ஒரு கிழமைக்குள் அதற்கு மடி வீங்கிக் கல்லாகிவிட்டது. கறந்தால் தண்ணீரும் திரளும்தான். ஊசி போட்டு அது தப்பியது, பால் தப்பவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மச்சாளின் ஆட்டில் காலையும் மாலையும் கறந்து வந்து இரண்டு குட்டிக்கும் போத்தலில் பருக்கினேன்.

பகலில் பிரச்சினை இல்லை. இரவு பத்துக்கு ஒருமுறை, இரண்டுக்கு ஒருமுறை, விடிய ஐந்துக்கு ஒருமுறை என்று பால் வேண்டும். நடுச்சாமத்தில் ஈரவிறகை ஊதிக்கொண்டிருக்க என் நெஞ்சு இடம் கொடுக்கவில்லை. ஆறு மணிக்கே பாலைக் காய்ச்சி, நகச்சூடு வரும்வரை ஆற்றி, மகள் வாங்கித்தந்த சுடுதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி, கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். என்ன கெட்டித்தனம் என்று என்னையே நான் மெச்சிக்கொண்டதும் உண்மை. இரண்டு மணிக்குத் திறந்தால் அளவான சூடு. ஊற்றிப் பருக்கிவிட்டுப் படுத்துவிடலாம்.

மூன்றாம் நாள் காலை சின்னக்குட்டி முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் நின்றது. வால் அடியெல்லாம் மஞ்சளாய் நனைந்து, புளித்த மணம். சூப்பியை வாயில் வைத்தால் கடித்துக்கொண்டு நின்றதே தவிர உறிஞ்சவில்லை. மிருக வைத்தியருக்குத் தகவல் சொல்லி, அவர் பெற்றோலுக்கு வரிசையில் நின்று வந்துசேர மத்தியானம் ஆகிவிட்டது. வந்தவர் குட்டியைத் தொட முதல், "பால் எதில வைக்கிறனீங்கள்?" என்றுதான் கேட்டார். போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தேன். நான் கழுவித்தான் வைத்திருந்தேன், சவர்க்காரம் போட்டு. அவர் மூடியைத் திருப்பி, உள்ளே இருந்த றப்பர் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்தார். வளையத்தின் அடியில் மஞ்சள் நிறத்தில் வழுவழுவென்று ஒரு படை. விரலில் எடுத்து மணந்துபார்த்துவிட்டு என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"அம்மா, நீங்கள் பால் வைக்கேல்லை. உறை ஊத்தி வச்சிருக்கிறியள்."

அன்று பொழுதுபடச் சின்னக்குட்டி செத்துப்போனது. பெரியது கழிச்சலோடு நான்கு நாள் கிடந்து எழும்பியது.

தயிர் போடத் தெரிந்த எவருக்கும் இதில் விளக்க ஒன்றுமில்லை. கொதிக்கிற பாலில் உறை ஊற்றினால் தயிர் விழாது. பிறிஜ்ஜில் வைத்த பாலிலும் விழாது. நகச்சூட்டில் ஊற்றி, சூடு போகாமல் துணி சுற்றி அடுப்படியில் வைத்தால்தான் விடிய வெட்டி எடுக்கலாம். தயிர்க் கிருமிக்கு இனிக்கிற அந்தச் சூடுதான் கழிச்சல் கிருமிக்கும் இனிக்கும். வாய்த்த சூட்டில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று என்று வைத்துக்கொண்டு ஆறு மணித்தியாலத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டரை இலட்சத்தைத் தாண்டும். பால்தான் காய்ச்சியது ஆயிற்றே என்பீர்கள். காய்ச்சினாலும் சாகாத கிருமிவித்துகள் உண்டு. அதோடு அந்த றப்பர் வளையம் நேற்றைய பாலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

சரி, நகச்சூட்டில் ஊற்றாமல் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் என்ன என்று மச்சாள் கேட்டா. நல்ல கேள்விதான். 60 பாகைக்கு மேலே நிற்கும்வரை பயமில்லை. ஆனால் நம் வீட்டுப் போத்தல்கள் வாங்கிய புதிதில்தான் விடியும்வரை சூடு காக்கும். இரவில் இரண்டு முறை திறந்தால் எப்போது 60க்குக் கீழே இறங்கியது என்று யாருக்குத் தெரியும்? இறங்கினால் நேரே நகச்சூடுதான், அங்கேயே மணிக்கணக்காய் நிற்கும். அதோடு கொதிக்கிற பாலை எப்படியும் ஆற்றித்தானே கொடுக்கவேண்டும், அந்த மினக்கேடு போகாதே.

எனக்கு வெட்கம் வேறொன்று. வேலைக்குப் போகும் தாய்மாருக்கு இதைத்தானே முப்பத்தொரு வருடம் சொல்லித் திரிந்தேன்? கறந்த பாலை மூடிக் குளிரில் வை, பிள்ளைக்கு வேண்டிய அளவை மட்டும் எடுத்துச் சூடாக்கு, மிச்சத்தைத் திரும்ப வைக்காதே என்று. "மிஸ், மிச்சம் கொஞ்சந்தானே" என்று கேட்ட பிள்ளைகளை ஏசியும் இருக்கிறேன். ஆட்டுக்குட்டி என்றதும் எல்லாம் மறந்துபோயிற்று.

அந்தப் போத்தலை நான் எறியவில்லை. உபயோகத்தைத்தான் மாற்றினேன். இரவு படுக்க முதல் அதில் கொதிதண்ணீரை நிரப்பிவிடுவேன், தண்ணீர் மட்டும். பால் தனியே குளிரில் இருக்கும். மாலையில் காய்ச்சிய பாலைப் பானையோடு கிணற்றுத் தண்ணீர்ப் பேசினுக்குள் இறக்கி, அகப்பையால் கிண்டிக்கொண்டே இருந்தால் கெதியாய் ஆறும். தண்ணீரை இரண்டு தரம் மாற்றவேண்டும். ஆறியதும், கொதிக்கவைத்து எடுத்த சின்னப் போத்தல்களில் ஒரு நேரத்துக்கு ஒன்று என்று ஊற்றி மூடி, பிளாஸ்ரர் ஒட்டி நேரம் எழுதி, பிறிஜ்ஜின் உள்பக்கத்தில் வைப்பேன். கதவில் உள்ள தட்டில் அல்ல. பிறிஜ்ஜில் கதவுதான் ஆகச் சூடான இடம், திறக்கிற ஒவ்வொரு முறையும் வெளிக்காற்று படும். 4 பாகை வேண்டிய பாலுக்கு அது இடமல்ல.

இரவு இரண்டு மணிக்கு ஒரு போத்தலை எடுத்து இனாமல் கோப்பைக்குள் நிறுத்தி, சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, பால் நிற்கும் மட்டத்துக்கு ஊற்றினால் போதும். அடுப்பு வேண்டாம், விறகு வேண்டாம். நான்கைந்து நிமிடம். இடையில் போத்தலை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டவேண்டும், இல்லாவிட்டால் ஓரம் சுட்டு நடு குளிர்ந்து கிடக்கும். பிறகு மணிக்கட்டின் உள்பக்கத்தில் இரண்டு துளி. பிள்ளைக்கு என்றால் சூடும் தெரியக்கூடாது குளிரும் தெரியக்கூடாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆட்டுக்குட்டிக்கு ஒரு படி கூட வேண்டும், கையில் மெல்லிய சூடு தெரியவேண்டும். ஆட்டின் உடம்புச் சூடே 39 பாகை அளவில். நமக்குச் சமமாய் இருக்கிற பால் அதற்கு ஆறின பால். குடித்து மிச்சம் விட்டால் அது நாய்க்கு. நாளைக்கு அல்ல.

கறண்ட் இல்லாத நாளில் என்ன செய்வது? திறக்காமல் வைத்தால் பிறிஜ் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் குளிர் காக்கும். அதற்கு மேல் போகும் என்றால் மீன்காரத் தம்பியிடம் ஒரு பழைய றெஜிபோம் பெட்டியும் அரைப்பை ஐஸும் கேட்டு வாங்குங்கள். எங்கள் தம்பி காசு வாங்கவில்லை, ஆட்டுப்பால் தேத்தண்ணி கேட்டான். தொண்ணூறுகளில் கறண்டே இல்லாத காலத்தில் பாலைச் செம்பில் ஊற்றிக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினோமே, அது போதாதா என்றால், போதாது. நமது கிணற்றுத் தண்ணீர் கைக்குக் குளிரும். பாலுக்கு அது குளிரே இல்லை. அன்றைக்கு அந்தப் பால் மத்தியானம்வரை தாங்கியதே பெரிய காரியம், அதுவும் நாங்கள் குடிக்க முதல் திரும்பக் காய்ச்சினோம். ஜாம் போத்தல் விளக்கில் சின்னச் சிரட்டையளவு பால் சூடாக்கிய அம்மா, ஒரு நேரத்துக்கு வேண்டியதை மட்டுந்தான் சூடாக்குவா. எண்ணெய்ச் சிக்கனத்துக்குச் செய்தது, குட்டிகளுக்கும் நல்லதாய் முடிந்தது.

கடும்பை, அதாவது சீம்பாலைப் பற்றி அந்தக் குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஈன்ற முதல் நாள் பால்தான் குட்டிக்குத் தடுப்பூசி. முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் உள்ளே போகவேண்டும். ஒரு நாள் கடந்தால் குடல் அந்தக் காப்பை உள்ளே விடாது. இரண்டு கிலோக் குட்டிக்கு அந்த முதல் நாளில் 200 மில்லிலீற்றர் அளவு, நான்கு தரமாய்ப் பிரித்து. என் ஆடு ஈன்றால், அதன் குட்டிகள் வயிறு நிறையக் குடித்தபின் மிஞ்சும் கடும்பைச் சீனி போட்டு அவிக்க எல்லோரும் வந்து நிற்பார்கள். நான் அதில் இரண்டு போத்தலை ஒளித்துப் பிறீசரில் போட்டுவிடுவேன். இதை மட்டும் காய்ச்சவே கூடாது. ஏன் என்று கேட்பவர்கள் கடும்பு அவித்த சட்டியைப் பார்த்தால் போதும். அவிய அவியக் கட்டியாகிறதல்லவா? குட்டியைக் காக்கவேண்டிய புரதமும் அந்தச் சூட்டில் கெட்டுப்போகிறது. கை பொறுக்கும் சுடுதண்ணீரில் போத்தலை நிறுத்தித்தான் இளக்கவேண்டும், அரை மணித்தியாலம் சென்றாலும் பரவாயில்லை.

ஒளித்த கடும்பு அதே 2022 மார்கழியில் கைகொடுத்தது. மண்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடும் ஆடும் செத்த கிழமை அது. பின்வளவுப் பெடியன் ஒரு உரப்பைக்குள் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து, "அன்ரி, இது செத்திட்டுதோ பாருங்கோ" என்றான். வாய்க்குள் விரலை விட்டேன். கிணற்றடிக் கல்லைத் தொட்டது போலக் குளிர். பாவம் என்று உடனே பால் ஊற்றத்தான் எவருக்கும் மனம் வரும். வாய் குளிர்ந்த குட்டிக்குப் பால் ஊற்றக்கூடாது. விழுங்க வலுவிராது, நெஞ்சுக்குள் போகும். வயிற்றுக்குப் போனாலும் செமிக்காமல் கிடக்கும். முதலில் துடைத்து, சாக்கில் சுற்றி, சுடுதண்ணீர் நிரப்பித் துணி சுற்றிய சாதாரணப் போத்தல் இரண்டை இரண்டு பக்கமும் வைத்து, குண்டு பல்பு ஒன்றைப் பதித்துக் கொளுவினேன். ஒன்றரை மணித்தியாலத்தில் வாய்க்குள் விரலைச் சப்பியது. அதற்குப் பிறகுதான் கடும்பு. நின்ற நிலையில், கழுத்தை மேலே நீட்டித்தான் குடிக்கவிட்டேன். தாயின் மடியை அண்ணாந்து குடிக்கிற மாதிரி நின்றால்தான் பால் அசைபோடும் பையில் விழாமல் நேரே செமிக்கும் வயிற்றுக்குப் போகும். அந்தக் குட்டி இப்போது மூன்று ஈற்றுக்காரி, பின்வளவு வேலியில் ஒரு பூவரசை உயிரோடு விடவில்லை.

இனி ஒரு வேடிக்கையைச் சொல்லவேண்டும். சென்ற வைகாசியில் ரொறன்ரோவிலிருந்து பேத்தி அழைத்தாள். அவளுக்கு இரவு இரண்டு மணி, எனக்குப் பகல் பதினொன்றரை, உலை கொதிக்கிறது. அவள் சிஞ்சில்லா என்று ஒரு பிராணி வளர்க்கிறாள். அணிலுக்கும் முயலுக்கும் நடுவில் ஒன்று. அந்தீஸ் மலைக்காரர், கண் விழித்து மயிரோடேயே பிறக்குமாம். இந்த ஊருக்கு ஆகாது. 25 பாகைக்கு மேல் போனாலே திணறுமாம், நமது சித்திரையில் ஒரு நாள் தாங்காது, ஆகவே யாரும் ஆசைப்படவேண்டாம். அது மூன்று குட்டி போட்டு, தாய்க்குப் பால் போதாமல், கடைக்குட்டி மெலிகிறதாம். சமையல் தராசில் நிறுக்கிறாள்: முதல் நாள் 38 கிராம், இப்போது 35. என் ஆட்டுக்குட்டியின் காது அதைவிடப் பாரமாய் இருக்கும்.

"அம்மம்மா, ரின்னில வாற பால் குடுக்கலாமாம். நீங்கள் ஆட்டுக்குட்டிக்குப் பருக்கிறனீங்கள் எல்லோ, எப்பிடி எண்டு சொல்லுங்கோ."

"ஓம் பிள்ளை, தேத்தண்ணிக்குப் போடுற ரின்பால்தானே, ஒரு கரண்டியைச் சுடுதண்ணியில கரைச்சுக் குடு" என்று நான் அள்ளிவிட்டேன். நல்லகாலம், பேத்திக்குப் பின்னால் நின்ற என் மகள் கத்தினாள். அங்கே ரின்னில் இரண்டு வகைப் பால் வருகிறது. நாம் அறிந்தது சீனிப்பாகு மாதிரி. அதில் கிட்டத்தட்ட அரைவாசி சீனிதான், அந்தச் சின்ன வயிற்றில் போனால் ஊதிக் கழியும். மற்றது சீனி போடாமல் தண்ணீரை மட்டும் வற்றவைத்த பால். அவர்களுடைய மிருக வைத்தியர் சொன்னது அந்த இரண்டாவதை. கொதித்தாறின தண்ணீர் சமபங்கு சேர்த்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நேரத்துக்கு ஒரு மில்லிலீற்றர், பசித்தால் இரண்டு. ஆகவே கடல் கடந்து நானும் ஒரு பிழையான குறிப்பு கொடுக்கப் பார்த்தவள்தான், தங்கள் பக்கத்தில் எழுதியவரை அதிகம் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

உடைத்த ரின்னை அப்படியே வைக்காமல் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றி பிறிஜ்ஜில் வைத்தாள், மூன்று நாளுக்கு மேல் வைக்கவில்லை. ஒரு பகுதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, நாளுக்கு ஒரு கட்டி எடுத்தாள். சூடாக்கத்தான் பட்டபாடு. மைக்றோவேவில் பத்து விநாடி வைத்தாளாம். மேலே ஆறிப்போய், அடியில் சுட்டது, குட்டி நாக்கை இழுத்துக்கொண்டது. ஒரு மில்லிலீற்றர் என்பது சிறிஞ்சில் ஏற்றி வாய்க்குக் கொண்டுபோக முதல் ஆறிவிடுகிற அளவு. கடைசியில் சிறிஞ்சையே மூடியோடு சுடுதண்ணீர்க் குவளையில் நிறுத்தி, ஒன்று வாயில் இருக்க மற்றது குவளையில் இருக்கிற மாதிரி மாற்றி மாற்றிப் பருக்கினாள். மல்லாத்திப் பிடிக்காதே, துவாயில் சுற்றி நிமிர்த்திப் பிடி, உதட்டோரம் ஒரு துளி வை, அது தானாய் நக்கட்டும், மூக்கால் பால் வந்தால் நிறுத்து என்று நான் உலையையும் பார்த்துக்கொண்டு திரையையும் பார்த்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தேன். சோறு குழைந்துபோயிற்று.

ஐந்தாம் நாள் இரவு, நித்திரை தூங்கி விழுந்துகொண்டே கேட்டாள்: "அம்மம்மா, சூடாக்கின பாலைத் தேமஸ்ல ஊத்திக் கட்டிலுக்குப் பக்கத்தில வைக்கட்டோ? ஒவ்வொரு முறையும் குசினிக்குப் போகத் தேவையில்லை."

நான் போட்ட சத்தத்தில் கொட்டிலில் நின்ற ஆடு கத்தியது. பிறகு அவளுக்கு அந்த றப்பர் வளையத்தின் கதையைச் சொன்னேன், அதற்கு முன் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. தேமஸில் தண்ணீர் வைத்தாள், பாலைச் சின்ன ஐஸ் பெட்டியில் வைத்தாள், இரண்டும் கட்டிலுக்குப் பக்கத்தில். கடைக்குட்டி ஏழாம் நாள் திரும்ப 38 கிராமுக்கு வந்தது. இப்போது அவளுடைய தோளில் ஏறி நின்று திரையில் என்னைப் பார்த்து மூக்கை ஆட்டுகிறது.

ஆசிரியர் ஐயா, தங்கள் வீட்டுத்தோட்டப் பக்கத்தைக் கத்தரித்து வைக்கிறவர்கள் இங்கே பலர். மச்சாள் கொப்பியில் ஒட்டியே வைக்கிறா. மாரியில் ஆடுகள் ஈனும்போது அந்தக் கொப்பியைத்தான் எடுப்பார்கள். ஆகவே அடுத்த ஞாயிறே, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அந்த வரியைத் திருத்திப் போடவேண்டும்: சுடுதண்ணீர்ப் போத்தலில் சுடுதண்ணீரை வையுங்கள், பாலைக் குளிரில் வையுங்கள் என்று. கடிதம் நீண்டுவிட்டது, தெரிகிறது. இடம் போதாவிட்டால் சிஞ்சில்லாவை வெட்டிவிடுங்கள், பேத்தி கோபிக்கமாட்டாள். றப்பர் வளையத்தில் கைவைக்கவேண்டாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
நீர்வேலி.